முதலில் கீழே வைத்த கடிகாரம்

எங்கள் வீட்டில் சாமான் வாங்கப் போனால், பிடித்ததை முதலில் கீழே வைத்துவிட வேண்டும். வைத்த பிறகு அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கக் கூடாது. பிடிக்காத ஒன்றைக் கையில் எடுத்து, புரட்டி, தடவி, வெளிச்சத்தில் காட்டி, நாலு கேள்வி கேட்டு, கடைக்காரனை அதன் பின்னாலேயே அரை மணி நேரம் ஓடவிட வேண்டும். அவன் அதற்கு விலையை இறக்கி இறக்கிக் களைத்துப்போன நேரத்தில் வாசல் வரை போய், செருப்பில் ஒரு காலை நுழைத்துக்கொண்டு, 'அதோ கிடக்கே, அது என்ன விலை' என்று கேட்க வேண்டும். களைத்தவன் சொல்வதுதான் விலை. என் அப்பா வீடு வாங்கியது இப்படித்தான். என் அம்மாவைப் பெண் பார்த்ததும் ஏறக்குறைய இப்படித்தான் என்று சித்தப்பா சொல்வார். போன எல்லாரும் ஒரு மணி நேரம் அம்மாவின் ஒன்றுவிட்ட அக்காவையே பாராட்டிக்கொண்டிருந்தார்களாம்.

கல்யாணமான மூன்றாவது வாரம் இந்தப் பாடத்தை என் மனைவிக்கு நான் நடத்தினேன். கண்ணாடி பதித்த அலமாரி ஒன்று பார்க்கப் போயிருந்தோம். அவள் அதன் கதவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். "எவ்வளவு நல்லா இருக்குல்ல" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். கடைக்காரனும் சிரித்தான். அந்த இரண்டாவது சிரிப்பு என்ன விலை என்று எனக்குத் தெரியும். அலமாரியை வாங்காமலே அவளைத் தெருவுக்குக் கூட்டிவந்து, ஒரு தபால்பெட்டி ஓரமாக நிறுத்தி, விவரம் சொல்லிக்கொடுத்தேன். கண் கலங்கினாள். ஆனால் கெட்டிக்காரி. ஆறே மாதத்தில் என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள்.

எங்களுடையது தையல் சாமான் மொத்தக் கடை. பட்டன், ஜிப், லேஸ், எலாஸ்டிக், கொக்கி, ஊசி, நூல். இரண்டாவது வருஷம் கடைக்கு வந்து உட்கார்ந்தவள், பிறகு கொள்முதல் முழுவதையும் தன் கையில் எடுத்துக்கொண்டாள். லேஸ் ஏஜெண்டுகள் பெட்டியைத் திறந்தால் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அந்த முகத்தில் ஒன்றும் இருக்காது. மூடிய ஷட்டர் மாதிரி இருக்கும். வேண்டிய லேஸை முதல் நிமிஷமே பெஞ்சில் போட்டுவிட்டு, வேண்டாத ஒன்றை விரலில் சுற்றிக்கொண்டு குழந்தை குட்டியெல்லாம் விசாரிப்பாள். "அண்ணிகிட்ட வியாபாரம் பண்ணிட்டு வெளிய வந்தா, உடம்புல சட்டை இருக்கான்னு தடவிப் பாத்துக்கறோம்" என்று ஒருவன் என்னிடமே சொன்னான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தபால்பெட்டி ஓரத்துப் பாடம் வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இருபத்தாறு வருஷம் இப்படிப் போயிற்று. ஒரே பையன், படித்தான், வேலைக்குப் போனான், தொலைபேசியில் வாரம் ஒருமுறை 'ம்' கொட்டுவான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம், கடையில் கூட்டமில்லாத நேரம், அவள் பட்டன் அட்டைகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

"தங்கச்சி ஒரு யூனிட் போடறா. குழந்தைங்க துணி. பதினாறு மெஷின்."

"போடட்டும். ஜிப் நம்மகிட்டதானே வாங்குவா?"

"என்னைக் கூட்டாளியா வரச் சொல்றா."

"சேந்துக்கயேன். பேர் போட்டுக்க."

"பேர் போட இல்ல. அங்கேயே வந்து இருந்து பாத்துக்கணுமாம். வீடும் பாத்துட்டா."

அவள் தங்கை இருப்பது எட்டு மணி நேரப் பயணத்தில். போய்விட்டுச் சாயங்காலம் திரும்புகிற தூரம் இல்லை.

"நீ என்ன சொன்ன?"

"சனிக்கிழமை சொல்றேன்னேன்." அட்டையில் ஒரு பட்டன் குறைந்திருந்தது. அதைத் தனியே எடுத்து வைத்தாள். "உங்களுக்கும் சனிக்கிழமைதான் சொல்லுவேன்."

அவள் போனால் கடை நிற்கும் என்பது ஒரு பக்கம். கடை கிடக்கட்டும். காலையில் எழுந்தால் எதிரே உட்கார்ந்து முகத்தில் ஒன்றும் காட்டாமல் டீ குடிக்கிற அந்த ஆள் இருக்க மாட்டாள் என்பதுதான் பெரிசாகத் தெரிந்தது. போகாதே என்று சொல்லியிருக்கலாம். இரண்டு வினாடி வேலை. ஆனால் எவனாவது தனக்கு வேண்டியது இன்னது என்று எதிராளிக்கு முதலிலேயே காட்டுவானா? நான் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "நல்லா யோசிச்சு செய்" என்றேன். ரசீதுப் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தேன். அது தலைகீழாக இருந்தது.

பக்கத்துக் கடை குடைக்காரர் என் வயசுக்காரர். இரண்டு கல்யாணம் செய்தவர். அதனால் தனக்கு இரட்டை அனுபவம் என்று நம்புகிறவர். அவரிடம் விஷயத்தை வேறு யாருக்கோ நடந்த மாதிரி சொன்னேன்.

"உங்க வீட்டம்மா போறாங்களா?" என்றார் உடனே.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்."

"சரி, அந்த ஒருத்தர் அந்தம்மாவுக்குக் கடைசியா என்ன வாங்கிக் குடுத்தார்?"

யோசித்துப் பார்த்தேன். அந்த ஒருத்தர் கடைசியாக வாங்கிக் கொடுத்தது கிரைண்டர்.

"மெஷினா?" குடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "வேலை செய்யற சாமானை வாங்கிக் குடுத்துட்டு, பரிசுன்னு வேற சொல்லியிருப்பாரே உங்க ஒருத்தர். போய் அந்தம்மா மனசுல என்ன இருக்குன்னு பாத்து வாங்கச் சொல்லுங்க. கணக்குப் பாக்காம வாங்கச் சொல்லுங்க. அதை முக்கியமா சொல்லுங்க."

மனசில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. இருபத்தாறு வருஷத்தில் அவள் தனக்கென்று கேட்டது ஒன்றுதான். அதையும் கேட்கவில்லை, சொன்னாள். நாலைந்து வருஷம் முன்னால் ஒரு நாள், சுவர்க் கடிகாரம் பேட்டரி தீர்ந்து நின்றபோது, ஸ்டூலில் ஏறி அதைக் கழற்றிக்கொண்டே, "எனக்குச் சாவி குடுக்கிற வாட்ச் ஒண்ணு வேணும். நல்லதா. நான் குடுத்தா ஓடணும். இந்த வீட்டுல நான் சொல்லி நடக்கிறது ஒண்ணாவது இருக்கட்டும்" என்றாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள் என்றுதான் ஞாபகம்.

புதன்கிழமை சாயங்காலம், "வா, உனக்கு வாட்ச் பாத்துட்டு வரலாம்" என்று கூப்பிட்டேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "யாருக்கு?"

"உனக்குத்தான். சாவி குடுக்கிறது."

உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். தலைவாரி, முகம் கழுவி, சுத்தமாக வந்தாள். கொள்முதலுக்குப் போகும்போது வேண்டுமென்றே பழைய புடவைதான் கட்டுவாள்; வசதியான ஆள் என்று தெரிந்தால் விலை ஏறும். அன்றைக்கு நல்லதைக் கட்டிக்கொண்டு வந்தாள். அதை நான் அப்போது கவனித்தேன். கவனித்துவிட்டு, பெரிய கடையாயிற்றே, உள்ளே விட வேண்டுமே என்று கட்டியிருக்கிறாள், என்ன சாமர்த்தியம் என்று வியந்துகொண்டேன்.

கடை அப்படிப்பட்டதுதான். கதவைத் திறந்துவிட ஒருவர். உள்ளே நடந்தால் சத்தம் வராத கம்பளம். எங்கள் கடையில் இருக்கிற சரக்கில் நூறில் ஒரு பங்குகூட வெளியே இல்லை. இரண்டு கண்ணாடிப் பெட்டியில் ஏழெட்டு வாட்ச், ஒவ்வொன்றும் சிம்மாசனத்தில் உட்கார்ந்த மாதிரி. விலை எதிலும் எழுதவில்லை. விலை எழுதாத கடையைப் பார்த்ததும் எனக்குச் சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது.

விற்பனையாளர் முப்பது வயசுக்காரர். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, வெல்வெட் விரித்த தட்டை எங்கள் முன்னால் வைத்தார். "மேடத்துக்கா சார்? பேட்டரி வாட்சா, மெக்கானிக்கலா?"

"சாவி குடுக்கிறது" என்றாள் அவள்.

கையுறைக்காரரின் முகம் மலர்ந்தது. "லேடீஸ் பெரும்பாலும் மேல கல்லு பாப்பாங்க மேடம், உள்ள என்ன ஓடுதுன்னு கேக்கறவங்க கம்மி" என்று சொல்லிவிட்டு இரண்டை எடுத்து வைத்தார்.

ஒன்று தங்கம். சின்னது, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. முகப்பு சிப்பியில் இழைத்தது. திருப்பினால் இளஞ்சிவப்பும் பச்சையும் ஓடியது. சுற்றிலும் வைரம், குண்டூசித் தலை அளவு. சாவி கொடுக்கக்கூட வேண்டாம், கை அசைகிற அசைப்பிலேயே உள்ளே முறுக்கு ஏறிக்கொள்ளுமாம். இன்னொன்று எஃகு. கொஞ்சம் அகலமானது. வெள்ளை முகப்பு, நீல முள், பழுப்புத் தோல்பட்டை. ஒரு கல் இல்லை, ஒரு பூ இல்லை. பின்பக்கம் மட்டும் கண்ணாடி. அதற்குள் ஒரு சக்கரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துடித்துக்கொண்டிருந்தது.

அவள் தங்கத்தை எடுத்தாள். மணிக்கட்டில் வைத்துப் பார்த்தாள். இருபத்தாறு வருஷம் பெட்டி தூக்கிய கை. அதில் அந்த வாட்ச் எங்கேயோ தொலைந்துபோன மாதிரி இருந்தது. "பட்டன் மாதிரி இருக்கு" என்றாள். "எங்க கடையில இது அட்டைக்குப் பன்னெண்டு வரும்." கீழே வைத்துவிட்டாள்.

எனக்குள் மணி அடித்தது.

பிறகு எஃகைக் கட்டிக்கொண்டாள். கையுறைக்காரர் பக்கத்துக் குமிழை எப்படித் திருப்புவது என்று காட்டினார். "காலைல எழுந்ததும் ஒரு முப்பது சுத்து மேடம். ரெண்டு நாள் ஓடும்."

"மறந்துட்டா?"

"நின்னுடும். மறுபடி குடுத்தா ஓடும்."

"கோவிச்சுக்காதா?"

"அதெல்லாம் கோவிச்சுக்காது மேடம்."

அவள் சிரித்தாள். குமிழைத் திருப்பினாள். அந்தச் சின்னக் கிர் கிர் சத்தத்தைக் காதில் வைத்துக் கேட்டாள். கழற்றிப் பின்பக்கத்துச் சக்கரத்தைப் பார்த்தாள், மறுபடி கட்டினாள். புடவைத் தலைப்பை ஒதுக்கிக்கொண்டு கையை நீட்டிப் பார்த்தாள், மடக்கிப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் போய் நின்றாள். கழற்றவே இல்லை. "இது நல்லாயிருக்குங்க" என்று என்னைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள். "எனக்குப் பிடிச்சிருக்கு."

இப்படி ஒரு நடிப்பை நான் என் பிழைப்பில் பார்த்ததில்லை. கடைக்காரன் காதுபடவே பிடிச்சிருக்கு என்கிறாளே, எவ்வளவு பெரிய கை என்று மலைத்துப் போனேன். எஃகின் பின்னால் அந்த மனிதரை ஓடவிடுகிறாள். குறி தங்கத்தின் மேல். நானும் என் பங்கைச் செய்தேன். "ஆமா ஆமா, ரொம்ப நல்லாயிருக்கு, எஃகுன்னா எஃகுதான்" என்று பலமாகச் சொல்லி, அவர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து அவளுக்குக் கண்ணடித்தேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வாட்சைக் கழற்றி மெதுவாகத் தட்டில் வைத்தாள். "நாளைக்கு வரோம்" என்றாள் கையுறைக்காரரிடம். வெளியே வந்து வழி நெடுக ஒன்றும் பேசவில்லை. காரியம் முடியும் வரை பேசக் கூடாது என்பதும் எங்கள் வழக்கம்தான்.

வியாழக்கிழமை காலை கடை திறந்ததும் முதல் ஆளாக நான் போய் நின்றேன். தங்க வாட்சின் விலையைக் கையுறைக்காரர் சொன்னார். எஃகைப்போல் ஒன்றரைப் பங்கு. அந்த விலைக்கு ஒரு சின்ன கார் ஓரளவு ஓடுகிற நிலையில் கிடைக்கும். குடைக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. கணக்குப் பார்க்காமல் வாங்க வேண்டும். வாங்கத்தான் வந்திருக்கிறேன். ஆனால் கணக்குப் பார்க்காமல் இருப்பது வேறு, கேட்காமல் இருப்பது வேறு.

"ஒரே விலை சார். இங்க பேரம் கிடையாது."

"பேரம் யார் கேட்டா? சும்மா பேசிட்டிருப்போம்."

ஒன்றே முக்கால் மணி நேரம் சும்மா பேசிக்கொண்டிருந்தோம். மேலாளர் வந்தார். மேலாளருக்கு மேலாளர் தொலைபேசியில் வந்தார். கடைசியில் நூற்றுக்கு நாலு இறங்கினார்கள். கூடவே ஒரு பேனாவும், துடைக்கிற துணி இரண்டும். பதிலுக்கு ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள்: தள்ளுபடியில் வாங்கியதால் திரும்ப எடுக்கவோ மாற்றவோ மாட்டார்கள். சந்தோஷமாகப் போட்டேன். அவர்களுடைய பேனாவாலேயே போட்டேன்.

அன்று சாயங்காலம், சாப்பாட்டு மேஜையில் அவள் தட்டை வைக்கும் முன்னால் பெட்டியை வைத்தேன். அவள் முகம் ஒரு கணம் மாறியது. அந்த மாதிரி மாறி நான் அலமாரிக் கடைக்குப் பிறகு பார்த்ததில்லை. ரிப்பனை இழுத்தாள். மூடியைத் திறந்தாள்.

சிப்பியில் விளக்கு வெளிச்சம் பட்டு இளஞ்சிவப்பு ஓடியது.

"எப்படி?" என்றேன். "கரெக்டாப் பிடிச்சேனா?"

அவள் மூடியை மூடினாள். திறந்த வேகத்தைவிட மெதுவாக மூடினாள்.

"நான் இன்னொண்ணைக் கையில கட்டிக்கிட்டு நின்னேன்" என்றாள்.

"அதான். அதனாலதான் இது."

"அரை மணி நேரம் நின்னேன்."

"நானும் கூட ஜாலியாத் தாளம் போட்டேனே. பாக்கலியா?"

"பாத்தேன். கண்ணடிச்சீங்க." தட்டை எடுத்து வைத்தாள். பரிமாறினாள். "சாப்பிடுங்க, ஆறிடும்."

நான் அப்போதுதான் மெல்ல மெல்ல, நனைந்த சுவரில் ஈரம் ஏறுகிற மாதிரி, விஷயத்தைப் புரிந்துகொண்டேன். "அப்ப அது நிஜமாவே பிடிச்சுதா?"

"வாயால சொன்னேனேங்க."

"நீ சொன்னா நான் எப்படி... நாம கடைக்குப் போனா எப்படிச் சொல்லுவோம்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றாள். "நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க."

"மாத்திக் குடுக்கறேன். சனிக்கிழமைக்குள்ள மாத்தறேன்."

"வேணாம், விடுங்க. இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றாள். முகம் ஷட்டர் இறக்கின மாதிரி ஆகிவிட்டது. இதற்கு மேல் எந்த ஏஜெண்டும் எதையும் படிக்க முடியாது.

வெள்ளிக்கிழமை ஜிப் லோடு வந்தது. லாரியை விட்டு நகர முடியவில்லை. அவள் பதினோரு மணிக்கு, பேங்கில் ஒரு வேலை என்று போய், இரண்டு மணிக்கு வந்து, வழக்கம்போல் ரசீதுகளைச் சரிபார்த்தாள். நீளக் கை ரவிக்கை போட்டிருந்தாள். வெயிலில் எதற்கு நீளக் கை என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்கு லாரிக்காரனோடு இறக்குகூலி சண்டை.

சனிக்கிழமை காலை தங்கத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். தாளில் கையெழுத்துப் போட்டதெல்லாம் தெரியும். ஆனால் தாளை எழுதியவனும் மனுஷன்தானே, பேசினால் இறங்குவான் என்று ஒரு தைரியம்.

"மாத்த முடியாது சார்" என்றார் கையுறைக்காரர்.

"மாத்த வேண்டாம். அந்த எஃகையும் குடுங்க. விலைக்கே வாங்கிக்கறேன்." இதைச் சொல்லும்போது எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

"அது இல்லியே சார். ஒண்ணுதான் வந்துச்சு." கொஞ்சம் தயங்கினார். "மேடம் நேத்து வாங்கிட்டாங்களே. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

"எந்த மேடம்?"

"நம்ம மேடம்தான் சார். பதினொன்னரை இருக்கும். வந்தாங்க, அது வேணும்னாங்க. கையில கட்டிக்கிட்டே போயிட்டாங்க."

நான் கேட்க வேண்டியது எத்தனையோ இருந்தது. என் வாயில் வந்தது, "எவ்வளவுக்குக் குடுத்தீங்க?"

"விலைக்குத்தான் சார்."

"நாலு கழிக்கலையா?"

"மேடம் கேக்கலையே. விலை சொன்னோம், கார்டைக் குடுத்தாங்க. நானே ஒரு பேனா குடுத்தேன், வேணாம்னுட்டாங்க."

பில் எந்தப் பேரில் என்று கேட்டேன். கஸ்டமர் விவரம் சொல்லக் கூடாது என்று முதலில் இழுத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, வாரண்டி நகலைத் திருப்பி வைத்தார். அவள் பேர் இருந்தது. கீழே விலாசம் எங்களுடையது இல்லை. அவள் தங்கை ஊர். தெரு, கதவு எண் எல்லாம் இருந்தது.

என்னிடம் சனிக்கிழமை சொல்வதாகச் சொன்ன பதிலை, வாட்ச் கடைக்காரரிடம் வெள்ளிக்கிழமையே எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

நான் திரும்பியபோது அவள் கடையில் இருந்தாள். ஏஜெண்டுகளின் பேர், எண், யார் எந்த மாசம் இழுத்தடிப்பான் என்பதெல்லாம் ஒரு நோட்டில் எழுதி முடித்திருந்தாள். வாசலில் ஒரு பெட்டி, ஒரு கைப்பை. ரவிக்கைக் கையை இன்றைக்கு மடித்துவிட்டிருந்தாள். மணிக்கட்டில் வெள்ளை முகப்பு. அந்தக் கைக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. அதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"போயிட்டு வந்தீங்களா?" என்றாள்.

"போனேன்."

"அப்ப தெரிஞ்சிருக்கும்."

"ஒரு வாட்சுக்காகவா?"

அவள் நோட்டை மூடினாள். "புதன்கிழமை வரைக்கும் நான் எதுவும் முடிவு பண்ணலைங்க. வியாழக்கிழமை சாயங்காலம் நீங்க அந்தப் பெட்டியை வச்சப்பக்கூட பண்ணலை. வேணும்ங்கிறதைக் கையில கட்டிக்கிட்டு, வேணும்னு வாயைத் தொறந்து சொல்லிப் பாக்கலாம்னு தோணுச்சு. இத்தனை வருஷத்துல ஒரே ஒரு தடவை. அதுக்கும் நீங்க உள்ள புகுந்து வேற எதையோ தேடினீங்க."

"தப்புதான். யாருக்கும் வர்ற தப்பு."

"யாருக்கும் வராது. உங்களுக்கும் எனக்கும்தான் வரும்." கோபமே இல்லை குரலில். "நானும் அதே தப்பைத்தான் பண்ணேன். செவ்வாய்க்கிழமை நீங்க யோசிச்சு செய்னு சொன்னீங்க. போகாதேங்கிறதைத்தான் இந்த மனுஷன் இப்படிச் சொல்றாரான்னு ரெண்டு நாள் உக்காந்து யோசிச்சேன். அப்புறம் அலுத்துப் போச்சு. இனிமே யாரு என்ன சொல்றாங்களோ அதையே எடுத்துக்கிறதுன்னு வச்சிருக்கேன்."

இதுதான் சமயம். எனக்குத் தெரியாமல் இல்லை. வாயைத் திறந்தேன்.

"மாசத்துல பதினஞ்சு நாள் அங்க இரு. பதினஞ்சு நாள் இங்க."

அவள் என்னைப் பார்த்தாள்.

"சரி, இருபது அங்க."

"பேரம் பேசறீங்க" என்றாள்.

"வேற எப்படிப் பேசறதுன்னு எனக்குத் தெரியலையே."

"அது தெரியுது" என்றாள். பெட்டியைத் தூக்கினாள். நான் வாங்கப் போனேன், தரவில்லை. "அந்தத் தங்கத்தைப் பத்திரமா வைங்க. மருமக வந்தா அவளுக்குக் குடுங்க. பிடிச்சிருக்கான்னு கேட்டுக் குடுங்க. அவ சொல்றதை நம்புங்க."

அவள் படியிறங்கும்போது எதிரே ஒரு தையல்காரர் ஏறி வந்தார். இரண்டு விரலில் ஒரு துண்டுத் துணி. மயில் கழுத்துக்கும் பாசிக்கும் நடுவில் ஏதோ ஒரு நிறம். "அண்ணே, இதுக்கு நூல் குடுங்க, அவசரம். பொண்ணு வீட்டுக்காரங்க உக்காந்திருக்காங்க" என்றார்.

நான் நூல் பெட்டியைத் திறந்தேன். அறுபது வகைப் பச்சை இருந்தது. இரண்டு நூல்கண்டை எடுத்துத் துணி மேல் வைத்தேன். "இதில்லண்ணே" என்றார். இன்னும் இரண்டு. "இது நீலமா அடிக்குதே."

தெருவுக்கு எதிர்ப்பக்கம் அவள் ஆட்டோவை நிறுத்திப் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தாள். ஆட்டோக்காரன் ஏதோ ஒரு தொகை சொல்வது கேட்டது. அவள் தலையாட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். ஆட்டோக்காரனே ஒரு கணம் திகைத்துப் போனான்.

நான் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு படியில் இறங்கி ஓடினேன். வண்டி கிளம்பவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். வெளியே தலையை நீட்டி, காத்துக்கொண்டு, முகத்தில் ஷட்டர் எதுவும் இல்லாமல் பார்த்தாள். நடுவில் ஒரு தெருதான். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெளிவாகத் தெரியும். ஒரே ஒரு சொல்.

துணியை உயர்த்திக் காட்டினேன். "இதுக்கு எந்த நம்பர் நூல்?" என்றேன்.

அவள் துணியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். பிறகு துணியைப் பார்த்தாள்.

"நூத்திப் பதினேழு" என்றாள். "அது இல்லாட்டி நூத்திப் பதினாலு. கீழ் வரிசை."

ஆட்டோ போயிற்று. நான் உள்ளே வந்து கீழ் வரிசையில் தேடினேன். நூற்றுப் பதினேழு இருந்தது. துணியோடு வைத்தால் எது நூல், எது துணி என்று தெரியவில்லை.

"பாத்தீங்களா, அண்ணி அண்ணிதான்" என்றார் தையல்காரர். "எவ்வளவு?"

விலையைச் சொன்னேன். அவர் குறைத்துக் கேட்டார்.